சிறைக்கூடத்து நோயாளருக்காக வாதாடிய டொறத்தியா டிக்ஸ் அம்மையார்

குற்றஞ் செய்தவரைத் தண்டிப்பதற்கும் திருத்துவதற்கும் அமைந்தது சிறைச்சாலை. ஆயினும் அதன் மதில்களுக்குள் அடைபட்டிருப்போர் அனைவரும் குற்றவாளிகள்தாமா? புத்தி பேதலித்தோர், குடியினாலும் போதைப்பொருளினாலும் தம்மை இழந்தோர், கவனிப்பாரின்றித் தெருவில் அலைந்தோர் என எத்தனையோ பேர் அங்கே கிடக்கின்றனர். இவர்களின் தொகை எவ்வளவு, இவர்கள் அங்கு வந்து சேர்ந்த வழி எது, விடுதலையான பின் இவர்களுக்கு நேர்வது என்ன என்னும் கேள்விகளை வைத்தியரும் சட்ட அறிஞரும் இன்று உலகெங்கும் ஆராய்ந்து வருகின்றனர். அவர்களுக்குப் பல்கலைக்கழகங்களும் அரசாங்கங்களும் துணை நிற்கின்றன.

ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர், பட்டமும் பதவியும் வாக்குரிமையுங்கூட இல்லாத பெண்ணொருவர், கையில் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு சிறை சிறையாகச் சென்று இதே கேள்விகளைக் கேட்டார். கண்டதை எழுதினார், எண்ணினார், நாட்டை ஆள்வோர் முன் வைத்தார். அவரே டொறத்தியா லிண்ட் டிக்ஸ் அம்மையார். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். யூனிற்றேரியன் சபையைச் சேர்ந்தவர். எனினும் அவருடைய வாழ்வு நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும்.

இளமைக் காலம்

டொறத்தியா 1802ஆம் ஆண்டு சித்திரை மாதம் 4ஆந் திகதி அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள ஹம்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இன்று மேயின் மாநிலத்தில் உள்ளது. அன்று மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஒரு பகுதியாக இருந்தது. தந்தை ஊரூராகச் சென்று பிரசங்கஞ் செய்த மெதடிஸ்த போதகர். குடிப்பழக்கம் அவரைப் பற்றியிருந்தது என்று அம்மையாரின் வரலாற்றை எழுதியோர் பலர் கூறுகின்றனர். தாயாரோ நோயாளி. மூத்த பிள்ளையாகிய டொறத்தியா தம்பிமார் இருவரையும் பார்த்துக்கொண்டு, தந்தையின் பிரசங்கத் துண்டுப் பிரசுரங்களை ஊசியும் நூலுங் கொண்டு தைத்துக் கட்டும் வேலையையும் செய்ய வேண்டியிருந்தது. குடியும் நோயும் ஒரு வீட்டினுள் புகுந்தால் பிள்ளைகளின் மேல் விழும் சுமை எத்தகையது என்பதை அவர் புத்தகத்திற் படித்து அறியவில்லை.

12 வயதளவில் அவர் பொஸ்ரன் நகரில் வசித்த பாட்டியாரிடம் வந்து சேர்ந்தார். பாட்டியார் வசதி படைத்தவர், கண்டிப்பானவர். பின்னர் வூஸ்ரர் நகரில் உறவினர் வீட்டில் இருந்தபோது, 14 வயதிலேயே சிறு பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். பொஸ்ரனுக்குத் திரும்பி அங்கும் பள்ளிக்கூடம் ஒன்றை ஆரம்பித்தார். பணம் கொடுக்கக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பும், ஏழைப் பிள்ளைகளுக்கு வேறொரு வகுப்பும் நடத்தினார். அன்றாடப் பொருட்களைப் பற்றித் தாயும் மகளும் உரையாடும் முறையில் அவர் எழுதிய பாடநூல் 1824இல் வெளிவந்து, பல பதிப்புகள் கண்டது.

ஓயாத உழைப்பு உடலை வருத்தியது. நெஞ்சு நோய் அடிக்கடி அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. மனச்சோர்வும் கூடவே வந்தது. 1836இல் உடலும் உள்ளமும் முற்றாகத் தளர்ந்த நிலையில் வைத்தியரின் ஆலோசனைப்படி பள்ளிக்கூடத்தைக் கைவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். லிவர்பூல் நகரில் ரத்போன் என்னும் வணிகர் குடும்பம் அவரைத் தம் வீட்டில் வைத்து, ஓராண்டுக்கு மேலாகச் சொந்த உறவினரைப் போலப் பராமரித்தது. அவ்வீட்டுக்குச் சமூகச் சீர்திருத்தத்தில் நாட்டமுடைய பலர் வந்து போவர். மனநோயாளரைச் சங்கிலியிட்டு அடித்து வைப்பதற்குப் பதிலாக அன்போடும் ஒழுங்கோடும் நடத்தினால் குணங் காணலாம் என்ற புதிய கருத்து அக்காலத்தில் இங்கிலாந்தில் வேரூன்றியிருந்தது. யோர்க் நகரில் குவேக்கர் சமயத்தார் 1796இல் திறந்த இல்லம் அதற்கு முன்மாதிரியாக விளங்கிற்று. தாமே நோயுற்று, பிறர் வீட்டில் அன்பினாற் குணமடைந்த அனுபவமும், அங்கே கேட்டறிந்த கருத்துகளும் அவருடைய பின்னாளைய பணிக்கு அடித்தளமாயின எனலாம்.

பாட்டியார் 1837இல் இறந்தார். அவர் விட்டுச் சென்ற சொத்தினால், சிக்கனமாக வாழ்ந்தால் எவரிடமும் சம்பளம் பெறத் தேவையில்லை என்ற நிலை ஏற்பட்டது. திருமணஞ் செய்யாத அம்மையாருக்கு வயது நாற்பதை நெருங்கிற்று. இனி என்ன செய்வது என்று தெளிவின்றி இருந்தார்.

கிழக்குக் கேம்பிறிட்ஜ் சிறை

பொஸ்ரனுக்கு அண்மையிலுள்ள கிழக்குக் கேம்பிறிட்ஜ் சிறையிற் பெண் கைதிகளுக்கு ஞாயிறு வேதபாடம் கற்பிக்க ஒருவர் தேவைப்பட்டார். அப்பணிக்கு அமர்த்தப்பட்ட இளம் இறையியல் மாணவர், அது தமக்கு ஏற்றதல்ல என்று கண்டு, தகுந்த பெண்மணி ஒருவரைக் காட்டும்படி அம்மையாரிடம் கேட்டார். தாமே போவதாக அம்மையார் பதிலளித்தார். 1841ஆம் ஆண்டு பங்குனி 28ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை அவர் அச்சிறையின் வாசலைக் கடந்தார்.

அங்கிருந்த பெண்களிற் பலர் குடிவெறி, அலைந்து திரிதல், ஒழுக்கக்கேடு முதலிய குற்றங்களுக்காக அடைக்கப்பட்டவர்கள். பாடம் முடிந்தபின் அம்மையார் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கத்திற் புத்தி பேதலித்த பெண்கள் சிலர், எந்தக் குற்றமுஞ் செய்யாதவர்கள், நெருப்புமில்லாத அறைகளில் அடைபட்டிருந்தனர். அந்நாட்டின் குளிர் எத்தகையதென்று நம்மவர்க்கு எளிதில் விளங்காது. பங்குனி மாதத்திலும் நீர் உறையும். அடுப்பில்லாத கல்லறையில் இரவைக் கழிப்பது உயிருக்கே ஆபத்து. ஏன் இவர்களுக்கு நெருப்பில்லை என்று கேட்டபோது, பைத்தியக்காரருக்குக் குளிர் தெரியாது என்று சிறைப் பொறுப்பாளர் விடையளித்தார்.

அம்மையார் கண்ணீர் விட்டுவிட்டு வீடு திரும்பவில்லை. அவ்விடயத்தை நீதிமன்றின் முன் கொண்டு சென்றார். அந்த அறைகளுக்கு அடுப்பு வைக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. இச்சிறு வெற்றி அவருக்கு ஒரு பெரிய கேள்வியைக் கொடுத்தது. தலைநகருக்குப் பக்கத்திலேயே இப்படியென்றால், மாநிலத்தின் மற்றச் சிறைகளின் நிலை என்ன?

எண்ணி எழுதிய குறிப்புகள்

இக்கேள்விக்கு விடை காண அவர் கைக்கொண்ட முறையே அவரைப் பிற தருமவான்களினின்றும் வேறுபடுத்துகிறது. மனநோயாளருக்கென மாசச்சூசெற்ஸ் மாநிலம் 1833இல் வூஸ்ரரில் ஒரு வைத்தியசாலையைத் திறந்திருந்தது. அது விரைவிலே நிரம்பிவிட்டது. புதிய நோயாளருக்கு இடமளிப்பதற்காக, குணப்படுத்த முடியாதவர் எனக் கருதப்பட்டோர் மீண்டும் சிறைகளுக்கும் ஏழைகள் விடுதிகளுக்கும் அனுப்பப்பட்டனர். சட்டம் ஒன்று சொல்ல, நடைமுறை வேறாக இருந்தது. இதை எவரும் முழுமையாக அறிந்திருக்கவில்லை; ஏனெனில் எவரும் போய்ப் பார்க்கவில்லை.

அம்மையார் போய்ப் பார்த்தார். ஒன்றரை ஆண்டுகளாக மாநிலத்தின் ஊர்தோறும் பயணஞ் செய்து, சிறைகள், திருத்தகங்கள், ஏழைகள் விடுதிகள், தனியார் வீடுகள் என எங்கெல்லாம் மனநோயாளர் வைக்கப்பட்டிருந்தனரோ அங்கெல்லாம் சென்றார். ஊரின் பெயர், ஆட்களின் தொகை, எந்த அறை, என்ன ஆடை, என்ன உணவு, சங்கிலி உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றையுங் குறித்துக்கொண்டார். கூண்டுகளிலும் நிலவறைகளிலும் மாட்டுக் கொட்டில் போன்ற அடைப்புகளிலும் ஆடையின்றிக் கிடந்தவர்களைக் கண்டார். அடித்துப் பணியவைக்கப்பட்டவர்களைக் கண்டார். நல்ல மனமுடைய ஒரு பெண் பொறுப்பேற்றதும் சங்கிலி தேவைப்படாமற் போனவர்களையுங் கண்டார். இந்தக் கடைசி வகையினரை அவர் கவனமாகக் குறித்ததற்குக் காரணம் உண்டு. நோயாளி சங்கிலியினால் அடங்கவில்லை, பராமரிப்பினால் அடங்கினார் என்பதற்கு அதுவே சான்று.

1843ஆம் ஆண்டு தை மாதத்தில் இக்குறிப்புகள் ஒரு விண்ணப்பமாகச் சட்டசபைக்கு வந்தன. சபையிற் பேசும் உரிமை பெண்களுக்கு அன்று இல்லை. எனவே பார்வையற்றோர் கல்விக்காக உழைத்தவரும் சபை உறுப்பினருமான சாமுவேல் ஹவ் அதனைச் சமர்ப்பித்தார். ஊர்களின் பெயர் வெளிப்பட்டதும் பல அதிகாரிகள் சினங்கொண்டு, இது பொய், அவதூறு என்று பத்திரிகைகளில் மறுத்தனர். ஆனால் நேரிற் சென்று பார்த்தவர்கள் அவர் கூறியதை உறுதி செய்தனர். வூஸ்ரர் வைத்தியசாலையை விரிவுபடுத்தச் சட்டம் நிறைவேறியது.

மாநிலம் மாநிலமாக

அதன்பின் அவருக்கு ஓய்வில்லை. அயலிலுள்ள ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு மனிதர் ஒளியும் காற்றும் புகாத கல்லறையிற் சங்கிலியிட்டு வைக்கப்பட்டிருப்பதையும், குளிர் காலத்தில் அதன் உட்சுவர்களில் உறைபனி படிந்திருப்பதையும் கண்டு பத்திரிகையில் எழுதினார். பின்னர், கஞ்சன் எனப் பெயரெடுத்த சைரஸ் பட்லர் என்னும் செல்வந்தரை நேரிற் சந்தித்தார். அவர் 40,000 டொலர் கொடுத்தார். மற்றவர்களும் அதே அளவு பணஞ் சேர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. பணம் சேர்ந்தது, அவர் பெயரால் வைத்தியசாலை எழுந்தது.

நியூ ஜேர்சி மாநிலத்தில் 1845இற் சட்டம் நிறைவேறி, 1848இல் றென்ரன் நகரில் புதிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. வட கரோலினாவில் சட்டமூலம் தோற்கும் நிலையில் இருந்தது. அம்மையார் தங்கியிருந்த விடுதியிலேயே சபை உறுப்பினர் ஒருவரின் மனைவி மரணப் படுக்கையிற் கிடந்தார். அம்மையார் அவருக்குப் பக்கத்திலிருந்து பணிவிடை செய்தார். இச்சட்டமூலத்திற்காகப் பேச வேண்டும் என்று அப்பெண்மணி தம் கணவரிடம் கேட்டுக்கொண்டு கண்மூடினார். மனைவியை அடக்கஞ் செய்துவிட்டுச் சபைக்குத் திரும்பிய அவர் ஆற்றிய உரை சபையின் மனத்தை மாற்றியது. ராலி நகரில் எழுந்த அந்த வைத்தியசாலை 1856இல் நோயாளரை ஏற்கத் தொடங்கிற்று.

இவையனைத்தும் புகைவண்டிப் பாதைகள் குறைவாக இருந்த காலத்தில் நடந்தவை. குதிரை வண்டியிலும் ஆற்றுப் படகிலுமே பெரும்பகுதிப் பயணம். 1845 வரையிலான மூன்று ஆண்டுகளுள் 10,000 மைலுக்கு மேற் பயணஞ் செய்து, 18 மாநிலச் சிறைகள், 300 மாவட்டச் சிறைகளும் திருத்தகங்களும், 500க்கு மேற்பட்ட ஏழைகள் விடுதிகள் ஆகியவற்றைப் பார்வையிட்டதாக அவரே ஒரு கடிதத்திற் கணக்குக் கொடுத்துள்ளார். அவர் வாழ்நாளில் நிறுவவோ விரிவுபடுத்தவோ துணைநின்ற மனநோய் வைத்தியசாலைகள் 30க்கு மேற்பட்டவை.

ஒரு தவறான முடிவு

நோயாளரைச் சிறையினின்று மீட்பதோடு அவர் நிற்கவில்லை. மெய்யான குற்றவாளிகளின் நிலையையும் ஆராய்ந்து, 1845இல் அமெரிக்கச் சிறைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நீண்ட தண்டனைகளைக் குறைத்தல், கைதிகளுக்குக் கல்வி, சுத்தமான நீர், நல்ல உணவு ஆகியவற்றை அதில் வலியுறுத்தினார்.

அக்காலத்தில் இரு சிறை முறைகள் போட்டியிட்டன. பகலிற் கைதிகள் ஒன்றாக, ஆனால் பேசாமல் வேலை செய்வது ஒன்று. ஒவ்வொருவரும் இரவு பகலாகத் தனியறையில் இருந்து மனந்திருந்துவது மற்றொன்று; பிலடெல்பியா நகரின் பெருஞ்சிறை இதற்குப் பேர்போனது. அம்மையார் தனியறை முறையையே ஆதரித்தார். சிறைக்குள் கெட்ட சகவாசம் இளையவர்களைக் கெடுப்பதை அவர் கண்டிருந்தார். ஆகவே தனிமை நன்மை தரும் என நம்பினார். ஆனால் நீண்ட காலத் தனிமை நல்ல மனத்தையும் நோய்ப்படுத்தும் என்பது அன்றே சிலரால் எச்சரிக்கப்பட்டது. பிற்கால ஆராய்ச்சிகளும் அதனையே காட்டின. மனநோயாளருக்காக வாழ்வையே கொடுத்தவர், மனநோயை விளைவிக்கக்கூடிய ஒரு முறையை நன்மையென்று எண்ணி ஆதரித்தார். நல்ல நோக்கம் மட்டும் போதாது. அதன் விளைவையும் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

சனாதிபதியின் மறுப்பு

ஒவ்வொரு மாநிலத்தையும் தனித்தனியே மன்றாடுவதால் காரியம் முடியாது என்று கண்ட அம்மையார், 1848இல் மத்திய அரசாங்கத்தின் வாசலைத் தட்டினார். அரசாங்கத்திடம் ஏராளமான நிலம் இருந்தது. புகைவண்டிக் கம்பனிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் அது வழங்கப்பட்டு வந்தது. அதில் ஒரு பங்கை விற்று, வரும் பணத்தை முதலாக வைத்து, மனநோயாளரைப் பராமரிக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. ஆறு ஆண்டுகள் வாஷிங்ரனில் ஓயாது முயன்றார். 1854இல் 1 கோடி 22 இலட்சத்து 25 ஆயிரம் ஏக்கர் நிலத்தை ஒதுக்கும் சட்டமூலம் இரு சபைகளிலும் நிறைவேறியது. அதில் 1 கோடி ஏக்கர் மனநோயாளருக்கும், எஞ்சியது கண் தெரியாதோர், காது கேளாதோர், வாய் பேசாதோர் ஆகியோருக்கும் உரியது.

அவ்வாண்டு வைகாசி 3ஆந் திகதி சனாதிபதி பிராங்கிளின் பியேர்ஸ் அதனை மறுத்துவிட்டார். வறியோரைப் பராமரிப்பது மாநிலங்களின் கடமை, மத்திய அரசாங்கத்திற்கு அவ்வதிகாரத்தை அரசியலமைப்பு வழங்கவில்லை என்பது அவர் கூறிய காரணம். அந்த மறுப்பின் நிழல் நெடுங்காலம் நீடித்தது. அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு மனநோயாளரின் பராமரிப்பு மாநிலங்களின் தலையிலேயே விடப்பட்டது.

பாப்பரசர் முன்னிலையில்

மனமுடைந்த அம்மையார் ஓய்வுக்காக ஐரோப்பா சென்றார். ஓய்வு என்பது அவர் இயல்பில் இல்லை. ஸ்கொத்லாந்தில் மனநோயாளரின் அவல நிலையைக் கண்டதும் இலண்டன் சென்று உள்நாட்டு அமைச்சரைச் சந்தித்து விசாரணைக் குழுவொன்றைக் கோரினார். குழு 1855இல் அமைக்கப்பட்டது; 1857இல் அந்நாட்டுக்குப் புதிய சட்டம் வந்தது.

1856ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் உரோமாபுரிக்கு வந்தார். திருநகரிலிருந்த மனநோயாளர் இல்லத்தைப் பார்வையிட்டு, அதன் குறைகளைக் கண்டு வருந்தினார். யாரிடம் முறையிடுவது? நேரே பாப்பரசரிடமே முறையிடத் துணிந்தார். பாப்பரசர் 9ஆம் பத்திநாதர் அவருக்குச் செவ்வி அளித்து, அவர் கூறியவற்றைப் பொறுமையோடு கேட்டார். பின்னர் முன்னறிவித்தலின்றித் தாமே அவ்வில்லத்துக்குச் சென்று பார்த்தார். கண்டவை அவரை வருத்தின. இரண்டாம் முறை அம்மையாரைச் சந்தித்தபோது, கடல் கடந்து வந்து தம் மந்தையின் எளியோரைத் தமக்குச் சுட்டிக்காட்டிய அப்பிற சபைப் பெண்மணிக்கு நன்றி கூறினார். இல்லத்தைச் சீர்திருத்தும் முயற்சியும் தொடங்கிற்று. ஒரு பெண், வேற்று நாட்டவர், வேற்றுச் சபையினர் என்று பாராது கேட்ட பாப்பரசரின் பணிவும், அவர் முன் உண்மையைச் சொல்லத் தயங்காத அம்மையாரின் துணிவும் ஒருங்கே நினைக்கத்தக்கவை.

போர்க்காலம்

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் வட பகுதிப் படையின் தாதிமாருக்குத் தலைவியாக அவர் நியமிக்கப்பட்டார். அப்பணிக்குச் சம்பளம் பெறவில்லை. தாதியாக வர விரும்புவோர் 35 வயதைக் கடந்தவராகவும், ஆடம்பரமற்ற தோற்றமுடையவராகவும் இருக்க வேண்டும் என்று விதித்தார். குடித்துவிட்டுக் கடமைக்கு வந்த வைத்தியரைப் பற்றி முறைப்பாடு செய்யவும் தயங்கவில்லை. அதனால் வைத்தியர் பலரின் பகையைத் தேடிக்கொண்டார்.

இக்காலத்தில் அவரிடம் வெளிப்பட்ட ஒரு குறையையும் மறைக்கத் தேவையில்லை. கத்தோலிக்கக் கன்னியர்மீது அவருக்கு ஐயமிருந்தது. தாதிமாராகப் புரட்டஸ்தாந்தப் பெண்களையே விரும்பினார். ஆனால் அனுபவமும் ஒழுங்கும் நிறைந்த கன்னியர்களின் சேவையைப் பல படை வைத்தியர்கள் தாமே கேட்டுப் பெற்றனர். போர்க்களத்தில் இரு பகுதி வீரருக்கும் கன்னியர் ஆற்றிய தொண்டு, பல புரட்டஸ்தாந்தரின் மனங்களிலிருந்த தப்பெண்ணத்தை நீக்கிற்று. அம்மையாரும் எதிரிப் படையின் காயப்பட்டோரைத் தம்மவரைப் போலவே பராமரிக்கச் செய்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இறுதி நாட்கள்

போர் முடிந்ததும் மீண்டும் வைத்தியசாலைகளைப் பார்வையிடச் சென்றார். அங்கே கண்டவை மகிழ்ச்சி தரவில்லை. சில நூறு பேருக்கெனக் கட்டிய இடங்களில் அதைவிடப் பன்மடங்கினர் நெருக்கப்பட்டிருந்தனர். ஆரம்பத்தில் வைத்தியர்கள் வெளியிட்ட குணமடைந்தோர் தொகைகளும் மிகைப்பட்டவை என்பது புலப்பட்டது. ஒரே நோயாளி பலமுறை வந்து போகும்போது, ஒவ்வொரு முறையும் குணமடைந்தவராக எண்ணப்பட்டதை வைத்தியர் பிளினி ஏர்ள் 1877இல் எடுத்துக்காட்டினார். எண்ணிக்கையை நம்பி ஆரம்பமான இயக்கம், தவறான எண்ணிக்கையினாலேயே நம்பிக்கையிழப்புக்கும் உள்ளாயிற்று.

1881இல் நோயுற்ற அம்மையாருக்கு, தாம் முயன்று எழுப்பிய றென்ரன் வைத்தியசாலையிலேயே ஓர் அறை வழங்கப்பட்டது. நோயாளரோடு நோயாளராக ஆறாண்டுகள் அங்கே வாழ்ந்து, 1887ஆம் ஆண்டு ஆடி மாதம் 17ஆந் திகதி தமது 85ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார். கேம்பிறிட்ஜ் நகரின் மவுண்ட் ஓபேர்ண் சேமக்காலையில் ஓர் எளிய கல்லின் கீழ் அடக்கஞ் செய்யப்பட்டார். முதன்முதல் அவர் கால் வைத்த சிறையும் அதே நகரிற்றான் இருந்தது.

மீண்டும் சிறைக்குள்

அம்மையாரின் கதை அவர் மரணத்தோடு முடிந்துவிடவில்லை. 1939இல் லயனல் பென்றோஸ் என்னும் ஆங்கில வைத்தியர் 18 ஐரோப்பிய நாடுகளின் கணக்குகளை ஒப்பிட்டு, மனநோய் வைத்தியசாலைகளில் இடங்கள் குறைவாக உள்ள நாடுகளிற் சிறைக் கைதிகள் அதிகமாக உள்ளனர் என்று காட்டினார். அமெரிக்காவில் 1955இல் மாநில மனநோய் வைத்தியசாலைகளில் ஏறத்தாழ 5,59,000 பேர் இருந்தனர். புதிய மருந்துகள் வந்தன. நெரிசலான விடுதிகளின் கொடுமையும் வெளியே தெரிந்தது. 1963இல் சனாதிபதி கென்னடி, நோயாளர் தத்தம் ஊர்களிலேயே பராமரிப்புப் பெறும் நிலையங்களுக்கான சட்டத்திற் கையொப்பமிட்டார். பெரிய வைத்தியசாலைகளின் கதவுகள் திறந்தன. ஆனால் ஊர்களில் அமைய வேண்டிய நிலையங்களிற் பல அமையவேயில்லை. போக இடமின்றித் தெருவில் நின்றவர்களிற் பலரை மதுவும் போதைப்பொருளும் பற்றிக்கொண்டன. பின்னர் பொலிசாரும் பிடித்துக்கொண்டனர்.

வைத்தியசாலைகள் மூடப்பட்டது மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்வது முறையன்று. 1970களிலும் 1980களிலும் கடுமையாக்கப்பட்ட போதைப்பொருட் சட்டங்களே சிறைகளை நிரப்பின என்று ஆராய்ச்சியாளர் பலர் கூறுகின்றனர். காரணம் எவ்வாறிருப்பினும் விளைவு தெளிவானது. அமெரிக்க நீதித் திணைக்களம் 2006இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மாநிலச் சிறைகளிலுள்ளோரில் 100க்கு 56 பேரும், உள்ளூர்ச் சிறைகளில் 100க்கு 64 பேரும் ஏதோவொரு மனநலக் குறைபாடு உடையவர்கள். அத்தகையோருள் நான்கில் மூன்று பங்கினர் மதுவுக்கோ போதைப்பொருளுக்கோ அடிமைப்பட்டவர்கள் அல்லது அவற்றை மிகையாகப் பயன்படுத்தியவர்கள். இவ்விரண்டும் வெவ்வேறு நோய்களல்ல, பெரும்பாலும் ஒரே மனிதரின் இரு காயங்கள் என்பதை இக்கணக்குக் காட்டுகிறது. 12 நாடுகளில் 22,000க்கு மேற்பட்ட கைதிகளைப் பற்றிய 62 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியான கட்டுரையொன்று, கைதிகளில் ஏறத்தாழ 100க்கு 4 பேர் கடும் சித்தப்பிரமையினாலும், ஆண்களில் 100க்கு 10 பேர் கடும் மனச்சோர்வினாலும் வருந்துகின்றனர் என்று கண்டது.

விடுதலையும் ஆபத்தில்லாததன்று. வாஷிங்ரன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்த 30,000 பேரைப் பற்றி 2007இல் வெளிவந்த ஆய்வு, விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் ஆபத்து ஏனையோரைவிட 12 மடங்குக்கு மேல் என்று காட்டியது. முதற் காரணம் போதைப்பொருளை அளவு மீறி உட்கொண்டது. சிறையிலிருந்த காலத்தில் உடல் அப்பொருளைத் தாங்கும் வலுவை இழந்துவிடுகிறது; வெளியே வந்தவர் பழைய அளவையே எடுத்துக்கொள்ள, அது உயிரைக் குடிக்கிறது. சிறையில் அடைத்து வைத்ததனால் மட்டும் நோய் மாறிவிடவில்லை. அது வாசலில் அவருக்காகக் காத்திருந்தது.

ஆறுதல் தரும் முயற்சிகளும் இல்லாமலில்லை. போதைக்கு அடிமைப்பட்டோரைச் சிறைக்கு அனுப்பாமல், நீதிபதியின் கண்காணிப்பிற் சிகிச்சைக்கு அனுப்பும் சிறப்பு நீதிமன்று 1989இல் மயாமி நகரில் ஆரம்பமானது. இம்முறை பின்னர் பல இடங்களுக்கும் பரவியது. மனநோயாளரை எவ்வாறு அணுகுவது என்று பொலிசாருக்குப் பயிற்சியளிக்கும் திட்டமொன்று அதற்கு முந்திய ஆண்டில் மெம்பிஸ் நகரில் தொடங்கியது.

வட கரோலினாவில், மரணப் படுக்கையில் ஒரு பெண் கேட்ட வரத்தினால் எழுந்த வைத்தியசாலை 2012இல் மூடப்பட்டது. அந்நிலம் இப்பொழுது டிக்ஸ் அம்மையாரின் பெயர் தாங்கிய பூங்காவாக உள்ளது. அங்கு இருந்திருக்க வேண்டிய நோயாளர் எங்கே என்று இன்று யாராவது தேடிப் போனால், அவர்களிற் சிலரையாவது அம்மையார் முதன்முதற் கண்ட இடத்திலேயே காண நேரிடும்.

அம்மையாரின் வாழ்விலிருந்து நம் குடும்பங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது யாது? வைத்தியசாலை கட்டுவது நம்மால் இயலாதிருக்கலாம். ஆனால் புத்தி தடுமாறிய ஒருவரை, குடியில் வீழ்ந்த ஒருவரை, குடும்ப மானம் போய்விடும் என்று மறைத்து வைப்பதும், மறைக்க முடியாதபோது பொலிசார் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதும் நம் கையிலேயே இருக்கின்றன. சிறையிலிருந்தபோது தம்மைப் பார்க்க வந்தீர்களா என்று ஆண்டவர் ஒருநாள் கேட்பார் என்பதை நாம் அறிவோம். அங்கே கிடப்பவர் ஏன் அங்கே கிடக்கிறார் என்று கேட்பதும் அந்தச் சந்திப்பின் ஒரு பகுதியே.